பதினேழாம் கட்டடத்தின் பின்பக்கம்

மார்ச் 4
கடற்கரைச் சாலையில் இன்றும் அளவெடுப்பு. பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியலுக்கு நான் வரைவாளர். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இந்தச் சாலையே தண்ணீர். கூடை கூடையாக மண் கொட்டிக் கடலைத் தூர்த்தவர்கள் யார்? கல்வெட்டில் ஆளுநர் பெயர் மட்டும். அந்த ஆள் ஒரு கூடையாவது தூக்கியிருப்பாரா?

மார்ச் 9
பதினேழாம் எண். கப்பல் கம்பெனியின் பழைய அலுவலகம். கடலைப் பார்த்து எட்டுத் தூண்கள், வளைவுகள், மர மாடம். பின்னால் ஒட்டினாற்போல் பன்னிரண்டு அறைகள். நாலாவதில் என் அத்தை. அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள்.

"டேப்பை வெச்சு என்னடி அளக்குற? காலை நீட்டினா சுவரு, கையை நீட்டினா கதவு. எழுதிக்க."

சிரித்தோம். சுவரில் சிமெண்டுப் பூச்சு. சுண்ணாம்பு என்றால் பழசு, சிமெண்டு என்றால் புதுசு. எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான். 'பிற்காலச் சேர்க்கை' என்று எழுதினேன்.

ஏப்ரல் 2
ஆணை வந்துவிட்டது. தூண்களுக்குப் பாதுகாப்பு. பிற்காலச் சேர்க்கைகள் இடிக்கப்படும்.

ஐயோ. நானா?

ஏப்ரல் 3
அத்தை வீட்டுச் சுவரைச் சுரண்டினேன். விரல் கனத்துக்குச் சிமெண்டு. அடியில் சுண்ணாம்பு. அதற்கும் அடியில், முன்பக்கத்தில் இருக்கும் அதே செங்கல் — அதே அளவு.

"உப்புக் காத்து சுவரைத் தின்னுதுன்னு உங்க மாமாதான் வருஷா வருஷம் பூசுவாரு. ஏண்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

சொல்லிவிட்டேன். அவள் கீழே கொட்டிய தூளைக் கூட்டி அள்ளினாள்.

ஏப்ரல் 4
சுவரைப் படம் பிடித்துப் பொறியாளரிடம் காட்டினேன்.

"ஒண்ணைத் திருத்தினா மொத்தப் பட்டியலையும் சந்தேகப்படுவாங்கம்மா. தூணைப் பாக்கத்தான் சனம் வருது. பின்னாடி யாரு போறா?"

பின்னாடிதான் சார் நான் வளந்தேன் — வாய்வரை வந்தது. சொன்னேனா? இல்லை. கோழை.

ஏப்ரல் 19
தப்பு என்னுடையது என்று மேலிடத்துக்கு நானே எழுதினேன். இன்று பதில்: 'பரிசீலிக்கப்பட்டது.' அவ்வளவுதான். ஒரு சொல்லில் பன்னிரண்டு குடும்பம்.

மே 11
இடித்துவிட்டார்கள். அரை நாள்கூட ஆகவில்லை. பழைய செங்கல்தான் கொட்டியது. பொறியாளர் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்ல செங்கல்" என்றார்.

ஜூன் 1
ஊருக்கு வெளியே ஐந்தாவது மாடியில் அத்தைக்கு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்று பஸ் மாறிப் போனேன். அவள்தான் கதவைத் திறந்தாள்.

"வாங்க" என்றாள்.

நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, நான் கிளம்பும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.