சுத்தம் செய்ததால் போன மானியம்

மரியாதைக்கும், இந்த வாரம் கொஞ்சம் கோபத்துக்கும் உரிய என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான், அத்தை, நம் வாலு மூவரும் நலம். வாலுவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அதைக் காகிதத்தில் மடித்து வைத்து, அப்பா வந்தால்தான் பிரிப்பேன் என்கிறாள். அத்தையின் முழங்கால் வலி பரவாயில்லை. உங்களுக்கு இருமல் நின்றதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஆரம்பித்தாலே, சரி சரி, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இதோடு ஒரு தாளும் இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் தாவிப் போகாமல் வரிசையாகப் படியுங்கள்.

போன வாரம் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மானியம் குடுக்கறவங்களே முடியாதுன்னு சொல்லிட்டாங்க, இன்னும் எதுக்குப் பிடிவாதம்? முன்னறையைத் தம்பிக்கு ஒழிச்சுக் குடு, அவன் பழைய பைக் வாங்கி வித்துப் பொழைச்சுக்கட்டும்" என்றீர்கள். பை கம்பெனியில் எட்டு வருஷம் குனிந்து தைத்தவள் நான். கம்பெனியை மூடியபோது அழுதுகொண்டு உட்காராமல், அந்த முன்னறையில் பெட்டி, பை ரிப்பேர் கடை போட்டவள். பத்து மாதமாக ஓடுகிற கடையை, ஒரு தாளில் யாரோ எழுதிவிட்டார் என்பதற்காகக் காலி செய்யச் சொன்னீர்களே, கொஞ்சமாவது நியாயமா?

மானியம் ஏன் கிடைக்கவில்லை என்று நான் உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன். சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

புதுத் தொழில் மானியத்துக்கு விண்ணப்பித்தவர்களின் இடத்தை அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள், செவ்வாய்க்கிழமை வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அவ்வளவுதான், அத்தைக்குக் கை கால் ஓடவில்லை. "ஆபீசருங்க வர்ற நேரத்துல வீடு இப்படிக் குப்பையா கிடந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று துடைப்பத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கும் புத்தி எங்கே போயிற்றோ! திங்கட்கிழமை முழுக்க இரண்டு பேரும் மாங்கு மாங்கென்று வேலை செய்தோம். ரிப்பேருக்கு வந்திருந்த பெட்டிகள் அத்தனையையும் பரணில் அடுக்கித் திரை போட்டோம். சக்கரம், கைப்பிடி, ஜிப் ரன்னர் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயிற்று. பசை வாடை போக ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து வைத்தோம். தையல் மெஷின் மேல் பூப்போட்ட விரிப்பு, அதன் மேல் பிளாஸ்டிக் ரோஜா ஜாடி. உள்ளே கிடந்த சோபாவையும் இழுத்து வந்து போட்டோம்.

வந்தார்கள். தலை நரைத்த அதிகாரி ஒருவர், கண்ணாடி போட்ட அம்மா ஒருவர். சோபாவில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். வீட்டை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க என்று அந்த அம்மா சொன்னதும் அத்தைக்கு வாயெல்லாம் பல். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. "தொழில் நடைபெறுவதற்கான அடையாளம் எதுவும் காணப்படவில்லை. அறை வசிப்பிடமாகவே பயன்படுத்தப்படுகிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது." படித்துவிட்டு அந்த ரோஜா ஜாடியைத் தூக்கி எறியலாமா என்று வந்தது. வாலு செய்த பரிசு என்பதால் எறியவில்லை.

நீங்கள் கடையை விடச் சொன்ன மறுநாள் காலையிலேயே நான் அந்த மானிய அலுவலகத்துக்குப் போய்விட்டேன். உங்களிடம் சொல்லாமல்தான் போனேன். ஜன்னலில் இருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலேயே, "அடுத்த வருஷம் போடுங்கம்மா" என்றார். அடுத்த வருஷம் எப்படிப் போடுவது? கடை தொடங்கி ஒரு வருஷத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் இந்த மானியம். அதற்குள் நான் பழைய ஆளாகிவிடுவேன். அதைச் சொன்னேன். "அப்ப ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். பண்ண முடிகிறவர் யாரோ அவரைக் கூப்பிடுங்கள் என்று ஜன்னலை விட்டு நகராமல் நின்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் அந்தத் தலை நரைத்தவரே வெளியே வந்தார். நான் நடந்ததை அப்படியே சொன்னேன், பரண், கட்டிலடி, ரோஜா ஜாடி உட்பட. அவர் முகத்தில் சிரிப்பு வந்தும் வராமலும் நின்றது. "சார், எங்க வீட்டைப் பாக்க வராதீங்க. என் கடையைப் பாக்க வாங்க. என்னிக்குன்னு மட்டும் சொல்லாதீங்க, சொன்னா எங்க அத்தை மறுபடியும் கூட்டிப் பெருக்கிடுவாங்க" என்றேன். அவர் என் விண்ணப்ப எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஒரு நர்ஸ் பெண், ஜிப் பிய்ந்த பெட்டியோடு என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணி பஸ்ஸில் வேறு ஊருக்குப் போய் வேலையில் சேர வேண்டும் அவள். ஜிப்பை முழுக்கப் பிரித்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். கையெல்லாம் பசை, மடியெல்லாம் நூல், கால் வைக்க இடமில்லை. வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அதே இரண்டு பேர்.

எழுந்து நிற்க உடம்பு துடித்தது. ஆனால் எழுந்தால் தையல் கோணிவிடும், அந்தப் பெண்ணின் பஸ் போய்விடும். "ஒரு கால் மணி நேரம் பொறுங்க சார், இந்தப் பொண்ணு பஸ்ஸுக்குப் போகணும். உக்கார இடமில்லை, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டேன். அதிகாரிகளை வாசலில் நிற்க வைத்த மகராசி உங்கள் மனைவிதான்!

அப்போது பார்த்து அத்தை உள்ளேயிருந்து துடைப்பத்தோடு ஓடி வந்தார்கள். "அத்தை, துடைப்பத்தைக் கீழ போடுங்க!" என்று கத்திவிட்டேன். ஒன்பது வருஷத்தில் நான் அவர்களிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அத்தை திகைத்துப் போய்க் கீழே போட்டுவிட்டார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, அதிகாரியைக் கையோடு கூட்டிப் போய்ப் பரணைக் காட்டி, "இதெல்லாம் அன்னிக்கு நாந்தான் ஒளிச்சு வச்சேன் சார். தப்பு என் பேர்ல. என் மருமக மேல இல்லை" என்றார்கள். எனக்குக் கண் கலங்கி ஊசிக் காது தெரியவில்லை. கண்ணாடி அம்மா, தைத்து முடித்த பெட்டியின் ஜிப்பைக் குழந்தை மாதிரி திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். அந்த நர்ஸ் பெண் ஓட்டமாய் ஓடி பஸ்ஸைப் பிடித்துவிட்டாளாம், போனில் சொன்னாள்.

போகும்போது அதிகாரி கேட்டார், வீடு யார் பேரில் இருக்கிறது என்று. உங்கள் பேரில் என்றேன். இந்த அறையில் தொழில் நடத்த அவர் சம்மதிப்பாரா என்றார். சம்மதிப்பார் என்று சத்தமாகச் சொன்னேன். நிச்சயமாகத் தெரியாததால்தான் அவ்வளவு சத்தம்.

நேற்று மானியம் ஒப்புதலாகிவிட்டது. தோலும் கனத்த துணியும் தைக்கிற பெரிய மெஷின் வரும். ஒரே ஒரு நிபந்தனை, வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் இந்த மாத முடிவுக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு நான் எதிரி இல்லை. அவனுக்குக் கையும் காலும் இருக்கிறது, இடம் தேடிக்கொள்ளட்டும். எனக்கும் இருக்கிறது. முக்குத் தெரு ஸ்டேஷனரிக் கடைக்காரரிடம் அவருடைய பின்கட்டு அறையை வாடகைக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். சரி என்றிருக்கிறார். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். கடை எங்கே இருக்கும் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். கடை இருக்குமா என்பதை இனி யாரும் முடிவு செய்ய வேண்டாம்.

ஆனால் எனக்கு முன்னறைதான் வேண்டும். நீங்கள் வேலைக்காக அங்கே கிளம்பும்போது அந்த அறையில் உட்கார்ந்துதான் உங்கள் பெட்டியைத் தைத்துக் கொடுத்தேன். நாலு வருஷமாக ஒரு தையல் விடவில்லை என்று உங்கள் அறை நண்பர்களிடம் பெருமை அடித்தவர் நீங்கள்தானே? அவர்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் பிய்ந்த பெட்டியோடு என்னிடம்தான் வருகிறார்கள். அங்கே பேசிய பெருமையை இங்கே ஒரு தாளில் எழுதித் தந்தால் என்ன குறைந்துவிடும்?

வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிரில் தலையை மூடிக்கொண்டு போங்கள். நீங்கள் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

கடைசியில் சொல்கிறேன் என்ற தாள் அந்தச் சம்மதக் கடிதம்தான். அதன் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று வீட்டு உரிமையாளருக்கு, இன்னொன்று தொழில் உரிமையாளருக்கு. நம் கல்யாணத்தைப் பதிவு செய்த நாளுக்குப் பிறகு நம் இரண்டு பேர் கையெழுத்தும் ஒரே தாளில் வந்ததே இல்லை. என்னுடையதைப் போட்டுவிட்டேன். பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி,
உரிமையாளர், பெட்டி பை ரிப்பேர் கடை