ஏழாவது விதியும் என் ஹேமக்கும்

3 செப்டம்பர் 2006, ஞாயிறு

எங்கள் நடைக்குழுத் தலைவர் பட்டாபிராமன் சார் காலையில் போன் செய்தார். ஜனவரி கேம்ப்புக்குப் பெயர் கொடுக்கிறேனா என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே, நான் வராமல் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி என்று தெரிந்தது. "வரேன் சார்" என்றேன். அந்தப் பக்கம் இரண்டு முறை இருமினார். பிறகு, "பேஷா வாங்கோ. ஆனா கிட் மொத்தமும் உங்களோடதா இருக்கணும். ஏழாவது ரூல், ஞாபகம் இருக்கோன்னோ?"

ஞாபகமாவது! அந்த ரூலை எழுதியதே நான்தான்.

புனேவில் இருக்கிற இருபது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற நடைக்குழு. பதினோரு வருடம் அதில் இருந்திருக்கிறேன், மூன்று வருடம் செயலாளராக. ஜனவரியில் தாம்ஹிணிக் காட்டோரம் இரண்டு மரத்துக்கு நடுவே ஹேமக் கட்டிப் படுப்போம். தரையில் பாறையும் தேளும், அதனால் துணியில் தொங்கிக்கொண்டு தூக்கம். வருடம் முழுக்க நான் காத்திருப்பது அந்த மூன்று நாளுக்குத்தான். பாணேர் வீட்டை விட்டு இந்தக் கராடி ஒற்றை அறைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டை விட்டேன், சோபாவை விட்டேன், அடுப்பைக்கூட விட்டேன். இதை விடமாட்டேன்.

மௌலியும் அதே குழுதான். அவருக்குப் போன் செய்தேன். "என் ஹேமக்கையாவது குடுங்க."

"எல்லாம் ஒரே செட்டு விசாலா. பிரிச்சா யாருக்கும் யூஸ் இல்ல."

பதினாறு வருடக் கல்யாணத்தைப் பிரிக்கும்போது இது தோன்றவில்லையாக்கும்.

5 செப்டம்பர்

ஹேமக். கட்டுவதற்குக் கயிறு, மரம் அறுபடாமல் இருக்கப் பட்டை. கொசுவலை. முதுகுக்குக் கீழே குளிருக்கு ஏதாவது. மேலே பனிக்கு ஒரு தார்ப்பாய். எழுதியாயிற்று. இதில் ஒன்றையாவது நானாக இதுவரை பொறுக்கியிருக்கிறேனா? இல்லை.

10 செப்டம்பர், ஞாயிறு

ட்ரெக் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான். எடுத்த எடுப்பில் கேட்டது: "மேடம், சாஹப் கி ஹைட் கித்னி ஹை?" வீட்டுக்காரர் எவ்வளவு உயரம் என்று. எனக்குத்தான் வேண்டும் என்றேன். அப்படியா என்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குழந்தைகள் மாடியில் ஆடுகிற பச்சைக் கயிற்று வலையை எடுத்துப் போட்டார்.

அதைவிடக் கேவலம் அடுத்தது. உங்களுக்கு எத்தனை நீளம் வேண்டும் என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் படுத்திருக்கிறேன். மௌலி புதிதாக வாங்கியபோதெல்லாம் அவருடைய பழையது எனக்கு வந்தது, அவ்வளவுதான். நான் ஐந்தடி இரண்டு அங்குலம், அவர் ஐந்து பதினொன்று. யோசித்துப் பார்த்தால் என் காலுக்குக் கீழே எப்போதும் அவருடைய மிச்சத் துணி இருந்தது.

வெறும் கையோடு வந்தேன்.

18 செப்டம்பர்

மகர்பட்டா ஆபீஸில் என் டீமில் இருக்கிற தீப்தி ஆறு வாரம் அமெரிக்கா போகிறாள். யாராவது ஆன்சைட் கிளம்பினால் போதும், மொத்த ஃப்ளோரும் கையில் சீட்டோடு வரிசையில் நிற்கும்: சென்ட், சாக்லேட், கேமரா. இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட நின்றதில்லை. இன்று நின்றேன். "ஹேமக்கா மேம்? சூப்பர்! கண்டிப்பா கொண்டு வரேன்" என்றாள். அளவு, எடை எல்லாம் எழுதிய தாளைக் கொடுத்தேன். பைக்குள் போட்டுக்கொண்டாள்.

30 அக்டோபர்

தீப்தி வந்துவிட்டாள். பெட்டியைப் பிரித்தேன். இரண்டு முனையிலும் கடப்பாரை கனத்தில் மரச்சட்டம், நடுவே வெள்ளைக் கயிற்று வலை. பங்களாத் தோட்டத்தில் எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டு படுக்கிற சாமான். "மேம், சீட்டு எங்கயோ போயிடுச்சு. ஆனா படத்துல ரொம்ப அழகா இருந்துச்சு, அதான்..."

பாவம், அதற்காகத் தன் துணிமணியைக் கூரியரில் அனுப்பியிருக்கிறாள். திட்டவா முடியும்? ரொம்ப நன்றிம்மா என்றேன். ஆபீஸ் மொட்டைமாடியில் கட்டிப் பார்த்தோம். ஏறினேன், குப்புறக் கவிழ்த்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு இது நன்றாகப் பழக்கம், என்னைப் பார்த்து எல்லோரும் சிரிக்கும்போது கூடச் சேர்ந்து சிரிப்பது.

12 நவம்பர், ஞாயிறு

சரி, தைத்துக்கொள்கிறேன். ரவிவார் பேட்டையில் பாராசூட் துணி என்று விற்கிறார்கள். கிழித்துப் பார்த்தேன், கிழியவில்லை. மூன்றேகால் மீட்டர், என் உயரத்துக்கும் இரண்டு முனைச் சுருக்குக்கும். எங்கள் குடியிருப்பு சொசைட்டி வாசல் டெய்லர், "காருக்குக் கவரா, தாயி?" என்று மராத்தியில் கேட்டார். எனக்குத்தான் கவர் என்றேன். இரட்டைத் தையல் போடச் சொன்னேன், மூலையில் என் பெயரும்.

நிறம் நானே எடுத்தேன், கத்தரிப்பூ ஊதா. காட்டில் இந்த நிறமா என்று மௌலி கேட்பார். கேட்கட்டுமே!

26 நவம்பர், ஞாயிறு

இன்று காலை சொசைட்டித் தோட்டத்தில் இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே கட்டினேன். மௌலி கட்டுவது போலவே கட்டினேன், வீணைக் கம்பி மாதிரி விறைப்பாக. பத்து நிமிடத்தில் அதே வலி. தோள் ஒடுங்கி, இடுப்புக்குக் கீழே குடைகிற வலி. கேம்ப் முடிந்து வந்தால் எனக்கு ஒரு வாரம் இந்த வலி இருக்கும். "உனக்கு முதுகு வீக்" என்பார். டாக்டரிடமும் அவரே அதைச் சொன்னார்.

மதியம் தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஹேமக்காரர்கள் பேசிக்கொள்கிற இணையதளம் ஒன்றைப் படித்தேன். முதல் பாடமே, இழுத்துக் கட்டாதே. நடுவில் நன்றாகத் தொய்வு இருக்க வேண்டும். அதில் நேராகப் படுக்காமல் கொஞ்சம் குறுக்காகப் படுக்க வேண்டும், அப்போதுதான் முதுகு சமமாகும். திரும்பி வந்து கயிற்றைத் தளர்த்தினேன். தொய்ந்தது. குறுக்காகப் படுத்தேன்.

வலிக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆகியும் வலிக்கவில்லை.

படுத்துக்கொண்டே அழுதேன். வாட்ச்மேன் பார்த்தான், பார்க்கட்டும். ஏன்னா எனக்கு இது தெரியும்! புடவையில் தூளி கட்டத் தெரியாத பொம்பளை உண்டா நம்ம பக்கம்? தூளியை எவளாவது இழுத்துக் கட்டுவாளா? தொய்வாத்தானே கட்டுவா? 99 கேம்ப்பில் நான் கயிற்றைத் தளர்த்தினேன். என் கை தானாகச் செய்தது. மௌலி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "என்ன, தூளி கட்டறியா? அதுக்குக் குழந்தை வேணுமே."

சிலர் சிரித்தார்கள். பட்டாபிராமன் சார் அடுப்பைப் பார்த்தார். நானும் சிரித்துக்கொண்டே கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினேன். அதற்கப்புறம் ஏழு கேம்ப் அந்த விறைப்பிலேயே படுத்து எழுந்தேன், வாயைத் திறக்காமல்.

மௌலி மேல் எனக்கு வருகிற ஆத்திரம் பெரிதா, என் மேல் வருவது பெரிதா?

3 டிசம்பர்

சொசைட்டி நோட்டீஸ் போர்டு: "மரங்களில் எதையும் கட்டித் தொங்கவிடக் கூடாது." ஒரு வாரத்துக்குள் விதி போட்டுவிட்டார்கள். என்ன வேகம்!

24 டிசம்பர், ஞாயிறு

கீழிருந்து வருகிற குளிருக்குப் பழைய ரஜாய்ப் பஞ்சுப் போர்வை ஒன்றை ஹேமக்குக்கு அடியில் தொங்கவிடுகிற மாதிரி நாடா வைத்துத் தைத்தாயிற்று. கொசுவலை ஆயிற்று. கயிறும் பட்டையும் ஆயிற்று. தார்ப்பாய்த் துணியை ஓரம் தைத்து வளையம் அடிக்க டெய்லரிடம் கொடுத்திருக்கிறேன். அதோடு முடிந்தது. என் சாமான் என்று சொல்லிக்கொள்ள நாற்பத்திரண்டு வயதில் ஒரு மூட்டை.

19 ஜனவரி 2007, வெள்ளி

டெய்லர் சங்கராந்திக்கு ஊருக்குப் போனவர், பதினாறாம் தேதி வருகிறேன் என்றார், இன்னும் வரவில்லை. கடை பூட்டியிருக்கிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் என் தார்ப்பாய் மெஷின் மேல் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாணேரில் கிட் சோதனை.

இன்னொரு தார்ப்பாய் யாரிடம் இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே போக எனக்கு முகம் இல்லை.

20 ஜனவரி, சனி

போனேன்.

லீலாக்கா இங்கே புனே கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர். 2001-ல் வீட்டுக்காரர் இறந்துபோனார். கொழுந்தன் வந்து மலைச்சாமான் உட்பட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனான். மிஞ்சியது ஒரு தார்ப்பாய், அக்கா பாஷையில் தாட்பத்ரி. அக்கா கேம்ப்புக்கு மட்டும் விடாமல் வந்தார், ஒருத்தரிடம் ஹேமக், ஒருத்தரிடம் கயிறு என்று இரவல் வாங்கிக்கொண்டு. குழுவில் முணுமுணுத்தார்கள். யார் போய்ச் சொல்வது என்று எல்லோருக்கும் சங்கடம். செயலாளர் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏழாவது விதி: கிட் முழுவதும் சொந்தமாக இல்லாதவர் பங்கேற்க இயலாது. யார் பெயரையும் சொல்லவில்லை, யார் மனமும் நோகவில்லை என்று மௌலி பாராட்டினார். எனக்கும் பெருமைதான். அக்கா அதன்பிறகு வரவில்லை.

கதவைத் திறந்தார். "அரே, உள்ள வா நா. சாய் போடறேன்." தயங்கித் தயங்கிச் சொன்னேன். பரண்மேல் இருந்து மடித்த தார்ப்பாயை எடுத்துக் கொடுத்தார். வாசலில் மட்டும் ஒரு வார்த்தை: "மூலையப் பாத்துக்கோ."

வீட்டுக்கு வந்து பிரித்தேன். மூலையில் மஞ்சள் பெயின்ட்டில் லீலா என்று மராத்தி எழுத்து, இரண்டு விரல் அகலம்.

மண்ணெண்ணெய் இருக்கிறது. துணி இருக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது?

21 ஜனவரி, ஞாயிறு

பாதி பெயர்தான் போனது. மீதியை அழிக்கக் கை வரவில்லை. மனசாட்சி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் முதலில் தேய்த்த கையும் இதே கைதான்.

பட்டாபிராமன் சார் வீட்டு மாடி. ஹேமக்கைத் தொட்டுப் பார்த்து, "நன்னா தெச்சிருக்காளே" என்றார் அவர். ரஜாயைப் பார்த்து இரண்டு பேர் எப்படித் தைத்தது என்று கேட்டார்கள். ஒரு நிமிடம் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இந்த வருடச் செயலாளர் மௌலி தார்ப்பாயை விரித்தார். மூக்கைச் சுளித்தார், மண்ணெண்ணெய் வாசம். மூலையைப் பார்த்தார்.

"இது யாரோடது விசாலா?"

"லீலாக்காவோடது. என்னுது டெய்லர் கடையில பூட்டிக் கெடக்கு."

"ரூல் ஏழு. நான் எழுதலை, நீ எழுதினது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. பட்டியலில் என் பெயர் மேல் கோடு இழுத்தார், ஸ்கேல் வைத்து. மற்றவர்கள் தங்கள் மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார்கள். 2004-ல் அக்கா பெயர் மேல் நானும் ஸ்கேல் வைத்துத்தான் இழுத்தேன்.

23 ஜனவரி, செவ்வாய்

திருப்பிக் கொடுக்கப் போனேன். அக்கா முதலில் மூலையைத்தான் பார்த்தார்.

"அழிச்சிட்டே."

"அக்கா, நான்..."

"மொதல்ல லிஸ்ட்லேர்ந்து. இப்போ தாட்பத்ரிலேர்ந்து." சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. "அந்த ரூல் யார் எழுதினதுன்னு தெரியாதுன்னு நெனச்சியா? உன் ஹேண்ட்ரைட்டிங் எனக்குத் தெரியாதா? பேர் இருக்குன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். உனக்கும் ஒருவாட்டி அந்த ரூலைப் படிச்சுக் காட்டட்டும்னு."

மன்னிப்புக் கேட்டேன். "பஸ், போதும்" என்றார், மன்னித்தேன் என்று சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. தார்ப்பாயை மறுபடி என் கையிலேயே திணித்தார். "பேரை எழுதிக் கொண்டா. இருபத்தாறாம் தேதி காலைல ஆறு மணி, ஸ்வார்கேட் பஸ் ஸ்டாண்ட். முல்ஷி தாண்டி ஒரு விவசாயி தோப்பு, நான் வருஷா வருஷம் தனியாப் போறேன். வரணும்னா வா. உன் மூட்டை நீதான் தூக்கணும்."

27 ஜனவரி, சனி, மாந்தோப்பு

இரண்டு ஹேமக், அக்காவுடையது பிறகு அவரே சொந்தமாக வாங்கியது; ஒரு தார்ப்பாய். நேற்று முழுக்க அக்கா என்னோடு பேசியது பத்து வார்த்தை இருக்கும். நான் எழுதிய பெயரைப் பார்த்து, "கோணல்" என்றார். நான் கட்டியதைப் பார்த்தார், தொய்வை உள்ளங்கையால் அமுக்கினார். "ம். தூளி மாதிரி. இதான் சரி."

காலை எட்டு மணிவரை தூங்கியிருக்கிறேன். முதுகு வலி இல்லை. அக்கா அதற்குள் சாய் போட்டு, எனக்கு வைக்காமல் தனக்கு மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். பாத்திரத்தில் மிச்சம் இருந்தது. நானே ஊற்றிக்கொண்டேன்.

9 டிசம்பர் 2007, ஞாயிறு

மரியம்மாள் என்று ஒருத்தர் இரண்டு நாள் முன்னால் போன் செய்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆறு மாதம், ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீலாக்கா நம்பர் கொடுத்தாராம். "ஜனவரில தோப்புக்குப் போறீங்களாமாங்க. நானும் வரலாமுங்களா? ஆனா எங்கிட்ட ஒரு சாமானும் இல்லீங்க."

இன்று டெய்லரிடமிருந்து இரண்டாவது ஹேமக் வந்தது. போன ஹேமக் மூலையில் உங்கள் பெயரைத் தைத்தேனே, இதில் யார் பெயர் என்று கேட்டார். எதுவும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.