பொருளற்ற வாக்கியங்களும் உன் அம்மாவின் கண்கட்டும்

கடிதம் எண் 41
ஆக்ஸ்ஃபோர்டு, 1955 நவம்பர் 9, புதன்கிழமை, மாலை 4.20

அன்பு மகள் ஃபிலிப்பாவுக்கு,

நான் உடல்நலத்துடன் இருக்கிறேன். மனநிலை எவ்வாறுள்ளது என்பதைப் படித்து முடித்தபின் நீயே முடிவு செய். டொரான்டோவின் குளிர் உன்னை வருத்தவில்லை என நம்புகிறேன். உன் அம்மாவுக்கு மூன்றாம் தேதி வியாழனன்று வலக்கண்ணில் புரை நீக்கினார்கள். இடக்கண் ஏற்கெனவே பயனற்றது என்பது நீ அறிந்ததே. இரு கண்களையும் கட்டி, தலை அசையாதபடி இருபுறமும் மணல்மூட்டை வைத்துக் கிடத்தியிருக்கிறார்கள். பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டை அவிழ்ப்பார்கள். பார்வை மீளுமா என்பதை அதற்குமுன் சொல்ல இயலாது என்கிறார் மருத்துவர்.

இனி, என் பொறுமையைச் சோதித்த விஷயம். நான்காம் தேதி மாலை, தான் தினமும் வாசிக்கும் மாலை ஜெபத்தை என்னை வாசிக்கச் சொன்னாள் உன் அம்மா. எது நடந்தாலும் பொய்யென்று ஒப்புக்கொள்ளப்படாத வாக்கியம் பொருளற்றது, அது எதையும் தெரிவிப்பதில்லை, 'கடவுள் நம்மைக் காக்கிறார்' என்பதும் அத்தகையதே எனத் தத்துவ வகுப்பில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் நான். ஆகவே மரியாதையுடன் மறுத்து, செய்தித்தாள் வாசிப்பதாகச் சொன்னேன். "பேப்பர் யாருக்கு வேணும்? உங்க கணக்குப்படி ஜெபம் வெறும் சத்தம்தானே, பொய்யும் இல்ல மெய்யும் இல்ல. சத்தம்தான் போட்டுட்டுப் போங்களேன், என்ன குறைஞ்சிடும்?" என்றாள். நேர்மை குறையும் என்றேன். "காலேஜ்ல சூப்புக்கு முன்னாடி லத்தீன்ல ஜெபம் சொல்றீங்களே! சூப்புக்குச் சொல்வீங்க, எனக்கு மாட்டீங்களா?" என்றாள். மேசையில் மூத்தவர் சொல்லவேண்டும் என்பது கல்லூரி மரபு என்று விளக்கினேன். நம் வீட்டில் யார் மூத்தவர் என்று கேட்டாள். இதைக் கல்லூரி இரவுணவில் சக ஆசிரியர் ஹாடனிடம் சொன்னது என் பிழை. "மாட்டிக்கிட்டீரய்யா வின்ஸ்லோ! ஒண்ணு அதுல அர்த்தம் இருக்குன்னு ஒத்துக்கும், இல்லாட்டி வாசிச்சுத் தொலையும்" என்றவர் புட்டிங் தீரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

ஏழாம் தேதி உன் அம்மாவிடம் முறைப்படி கேட்டேன்: கட்டை அவிழ்த்தும் பார்வை வரவில்லையெனில், கடவுள் காக்கிறார் என்பதைத் திரும்பப் பெறுவாயா? கேள்வி சரியானது, கேட்ட இடம்தான் தவறு. "வரலைன்னா தினமும் நீங்கதான் எனக்கு வாசிச்சாகணும். இப்பவே பழகிக்கோங்க" என்றாள். இது விடையன்று. ஆனால் அவள் கை போர்வைமீது என் கையைத் தேடி, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே வாசித்தேன். அடுத்த கட்டிலில் அதேபோல் கண்கட்டுடன் கிடக்கும் திருமதி கட்ஜன், "ஐயா, இந்தப் பக்கமும் ஆள் இருக்கு, வார்த்தைய முழுங்காம வாசிங்க!" என்று அதட்டினார்.

நேற்று, 'எங்கள் இருளை வெளிச்சமாக்கும்' என்று தொடங்கும் அந்தச் சிறு ஜெபத்தின் நடுவில் எனக்குக் குரல் எழவில்லை. மீதியை உன் அம்மா ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள். முழுவதும் மனப்பாடமாம்! பிறகு ஏன் என்னை வதைத்தாய் என்று கோபமாகவே கேட்டேன். "தனியாச் சொல்லப் பயமா இருக்குங்க" என்றாள். என்னோடு வாதிட்ட எவரும் இதைச் சொன்னதில்லை. பொருளற்ற வாக்கியங்கள் பற்றி டிசம்பரில் நான் ஆற்றவேண்டிய உரை ஆறாம் பக்கத்தில் நின்றுவிட்டது, எரிச்சலாக இருக்கிறது.

பதினைந்தாம் தேதி பத்து மணிக்கு நீயும் அந்த ஜெபத்தைச் சொல்லவேண்டுமாம். அவள் சொன்னதாக மட்டுமே தெரிவிக்கிறேன். இங்கே பத்து என்றால் உனக்குக் காலை ஐந்து. எட்டுக்குமுன் நீ எழுந்ததாக வரலாறில்லை. இரண்டு கடிகாரங்களில் அலாரம் வை. தாமதிக்காதே.

கம்பளிக் காலுறை அணி. அம்மாவின் ஆசிகள், என் அன்பு.

உன் தந்தை,
ஹம்ஃப்ரி வின்ஸ்லோ

இணைப்பு:
1. மருத்துவர் கடிதத்தின் நகல் (5.11.1955).
2. அம்மா சொல்ல நான் எழுதிய நான்கு வரிகள், திருத்தவில்லை.
3. மாலை ஜெபம், முழுவதும், என் கையெழுத்தில். உன்னிடம் புத்தகம் இல்லாதிருக்கலாம்.