நீ படிக்கும் சுரப்பி

சேந்தமங்கலம்,
செவ்வாய்க்கிழமை காலை.

ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்யும் என் பேத்தி கிருத்திகாவுக்கு அப்பத்தா பாவாயி ஆசையோடு எழுதுவது. இங்கே உன் அப்பன் கதிர்வேலும் பண்ணையில் எட்டாயிரம் கோழிகளும் சுகம். நான் முக்கால் சுகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நல்ல சேதி. நீ படிக்கிற தைமஸ் சுரப்பியை நான் கண்ணால் பார்த்துவிட்டேன், சாமி! செத்த கோழியை அறுத்துப் பார்க்க வந்த கால்நடை டாக்டர் குணசீலனிடம், “எம் பேத்தி படிக்கற சாமானை எனக்குங் காட்டுங்க” என்றேன். சிரித்துக்கொண்டே கழுத்துத் தோலை விலக்கினார். இரண்டு பக்கமும் மணி கோத்தது போல் இருக்கிறது. அறுபது வருசமாக அதைத் தோலோடு உரித்து எறிந்திருக்கிறேன் பார்! மனுசருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறதாம்.

இப்போது அந்த முக்கால். இரண்டு மாதமாக மத்தியானத்துக்கு மேல் என் இடது இமை தானாக இறங்கிவிடுகிறது. கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு கண்ணாடி மாட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஆத்தாயி மிளகாய் சுற்றிப் போட்டாள். போட்டுவிட்டு, “இந்த வயசுல யாரைப் பாத்துக் கண்ணடிக்கறே?” என்றும் கேட்டாள். அப்புறம் பொழுது சாய்ந்தால் பேச்சு மூக்கால் வந்தது. சோறு மெல்லவும் வாய் சோர்ந்தது. உன் அப்பன் சேலத்துக்குக் கூட்டிப்போனான்.

ஸ்கேனில் அதே தைமஸில்தான் எலுமிச்சங்காய் அளவுக் கட்டி. டாக்டரம்மா விளக்க வந்தார். நான் விடுவேனா? பொங்கலுக்கு நீ சொன்னதை எல்லாம் சொன்னேன். எலும்புக்குள் பிறந்த, நோயை எதிர்க்கிற செல்கள் வளர்வதற்கு அங்கே போகும். கூண்டில் கூட இருப்பதையே கொத்துகிற கோழி மாதிரி, சொந்த உடம்பைக் கடிக்கிறதை அந்தச் சுரப்பி அங்கேயே கழித்துவிடும். சிலதை மட்டும், மற்றவை வரம்பு மீறாமல் அடக்கி வைக்கிற வேலைக்கு வளர்த்து அனுப்பும். “எனக்கு அந்த வேலை தப்பிப் போயித்தான் இமையும் வாயும் சோருதுங்களா?” என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எத்தனாவது படித்தீர்கள் என்றார். “அஞ்சாப்புங்க. மீதியை எம் பேத்தி படிக்கறாளுங்க” என்றேன். உன் அப்பன் வெளியே வந்து அழுதான். பெருமையிலா பயத்திலா, நான் கேட்கவில்லை.

வரும் திங்கட்கிழமை ஆபரேசன். அதற்கு இரண்டாம் நாள், புதன்கிழமை, உனக்குப் பட்டத்துக்கான கடைசித் தேர்வு. போனில் என் மூக்குப் பேச்சைக் கேட்டாலே நீ நோயின் பேரைச் சொல்லிவிடுவாய். தேர்வை விட்டுவிட்டு விமானம் ஏறுவாய். அதனால்தான் அப்பத்தாவுக்குத் தொண்டைக் கட்டு என்று உன் அப்பனைப் பொய் சொல்ல வைத்தேன். அவனைத் திட்டாதே. கடிதம் வந்து சேரப் பன்னிரண்டு நாளாகும் என்று தபாலாபீசில் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

எடுக்கப்போகிற கட்டியைக் குப்பையில் போடாமல் உனக்கு அனுப்பச் சொன்னேன். அங்கே அனுப்ப முடியாதாம். இங்கே டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்வார்களாம். சரி என்று கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு இல்லை, முழுப் பெயர்.

என் சாமி, நீ தேறியிருப்பாய். நூறு வருசம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இதைப் படித்ததும் போன் பண்ணு. நான்தான் எடுப்பேன். மணி கொஞ்சம் கூடுதலாக அடித்தாலும் வைத்துவிடாதே.

உன் அப்பத்தா,
பாவாயி.