சாமந்திக்குள் வந்த கள்ளச் சீட்டு

இன்று காலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் என் கால் புண்ணுக்கு மருந்து கட்ட வந்த பெண், ரப்பர் கையுறையை உதறி மாட்டினாள். அந்த மாவு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய கோபம் குப்பென்று வந்துவிட்டது. "வலிக்குதா பாட்டி?" என்றாள். "கால்ல இல்ல. நீ உன் வேலையைப் பாரு" என்றேன். நாத்தனாரே, நீ செத்துப் போய்ச் சேர்ந்துவிட்டாய். உன்னோடு எனக்கு இருக்கிற வழக்கு மட்டும் தீரவில்லை.

என் புருஷனின் தங்கை நீ. எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, தாப்பா டவுனில் படித்து, அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்தவள். நானோ மூன்றாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள். ஆனாலும் வீட்டுக்கு வந்தால் "அண்ணி, டீ" என்று அடுப்படியில் குந்திக்கொள்வாய். அந்த உரிமை எனக்குப் பிடித்திருந்தது.

எழுபதுகளின் கடைசியில் லைனுக்குப் பின்னால் உன் அண்ணன் சாமந்தி போட்டார். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு செடியெல்லாம் குட்டையாகவே நின்றது. இலை சிறுத்தது, பூ சட்டைப் பித்தான் அளவைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டு ராசம்மா கண்ணேறு என்றாள். பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். எஸ்டேட்டை நடத்துகிற துரையோ, நோய் என்று நிலையம் சொல்லிவிட்டால் லைன் முழுவதிலும் சாமந்தியைப் பிடுங்கி எரிக்க வேண்டும் என்றுவிட்டார். தீபாவளிக்கு விற்கிற பூவை நம்பித்தான் எங்கள் வீட்டில் அந்த வருஷத்துப் புதுத்துணி.

நீ வந்து இலையைக் கிள்ளி ஐஸ் பெட்டியில் கொண்டுபோனாய். முடிவு தெரியும்வரை எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. உனக்குச் சோறு கொண்டுவருகிற சாக்கில் காய்கறி லோரியில் ஏறி நிலையத்துக்கே வந்துவிட்டேன். மேசைமேல் ஐஸில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் திறந்திருந்தது. அதன் வாய் ஓரத்தில் ஈரம் வழிந்து நின்றது. ஈரம் கண்டால் வழித்துவிடுகிற கை என்னுடையது. விரலால் வழித்தேன்.

"தொடாதீங்க!" என்று ஓடி வந்து, கையுறை போட்ட கையால் என் கையைத் தட்டிவிட்டாய். சீன அதிகாரி பார்த்தார். கூட்டுகிற பெண் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். யார் யார் வாசலிலோ எங்கள் ஆட்கள் கேட்ட சொல்லை உன் வாயிலும் கேட்டேன்.

"என் கை பட்டா தீட்டாடி?"

பதில் கேட்க நான் அங்கே நிற்கவில்லை. சாயங்காலம் நீயே வந்து அடுப்படியில் குந்தினாய். டீ நான் கொடுக்கவில்லை.

"அண்ணி, கோவத்தை வெச்சுக்கிட்டே கேளுங்க. காலையில பெரட்டுல வரிசையா நிக்கவெச்சு, கணக்கெழுதுற கிராணி ஆளுக்கு ஒரு வேலைச் சீட்டு தர்றாரில்ல? உயிருள்ள எதுக்குள்ளயும் அப்படி வேலைச் சீட்டு ஓடிக்கிட்டே இருக்கும். அதுக்குப் பேரு ஆர்.என்.ஏ. வேலை முடிஞ்சா சீட்டைக் கிழிக்கணும். இல்லேன்னா நேத்து வேலையையே இன்னைக்கும் செய்வாங்க. கிழிக்கிறதுக்குன்னே உடம்புல என்சைம் இருக்கு. வேர்வையில, எச்சில்ல, தோல்ல, எங்கும் இருக்கு. கொதிக்க வெச்சாலும் லேசுல சாகாது."

"என்னத்துக்கு அது தோல்ல?"

"காய்ச்சல் கிருமிங்க நிறைய இந்த மாதிரி கள்ளச் சீட்டைத் தூக்கிக்கிட்டுத்தான் உள்ள வரும். அதையும் கிழிக்கணுமில்ல? அளவு தப்பிக் கிழிச்சா நம்ம உடம்பே கெட்டுப்போகும், அது வேற. நம்ம சாமந்திக்கு வந்திருக்கிறதும் ஒரு கள்ளச் சீட்டுதான்னு எனக்குச் சந்தேகம். அதைத்தான் அந்தக் குழாயில பிரிச்சு வெச்சிருந்தேன். இப்போ உங்க விரல் வேர்வை பட்டு எல்லாம் துண்டு துண்டாப் போச்சு."

எனக்குச் சட்டென்று ஒரு வெளிச்சம். "அப்போ என் வேர்வை நல்லதுதானே செஞ்சிருக்கு? சீக்கைக் கிழிச்சிடுச்சுல்ல?"

நீ சிரித்துவிட்டாய். "குழாயில கிழிச்சிருக்கு அண்ணி, தோட்டத்துல கிழிக்கலை லா."

வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த உன் அண்ணன் எழுந்து வந்தார். "பாப்பா, குழாயில ஒண்ணும் தெரியலைதானே? ஒண்ணும் இல்லைன்னு எழுதிடு. தீபாவளி போகட்டும்."

"செடியோட சொந்தச் சீட்டே அதுல தெரியலைண்ணே. கிழிஞ்சு போனதும் இல்லாததும் ஒண்ணா?"

அவ்வளவுதான் சொன்னாய். டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கி, மறுபடியும் இலை கிள்ளினாய். மழையில் உன் முதுகு நனைந்தது. குடை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, இன்றைக்கும் வராது.

மறுவாரம் நோய் என்றே முடிவு வந்தது. லைன் பின்னால் எல்லார் சாமந்தியும் எரிந்தது. "படிச்ச நாத்தனா இருந்தா பூவெல்லாம் புகையாத்தான் வரும்" என்று ராசம்மா குழாயடியில் என் காதுபடச் சொன்னாள். அவளையும் நான் மறக்கவில்லை. உன் அண்ணன் உன்னோடு பேச்சை நிறுத்தினார். நோயில்லாத நாற்று தேடி நீ எடுத்து வந்தபோது அவர் கை நீட்டி வாங்கக்கூட இல்லை. படியில் வைத்துவிட்டுப் போனாய். நான்தான் நட்டேன். அடுத்த தீபாவளிக்குப் பூ ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அப்போதும் அவர் உன் பெயரை எடுக்கவில்லை. ஈப்போவில் உன்னைக் கிடத்தியிருந்தபோது கூடை நிறையச் சாமந்தி கொண்டுவந்து கொட்டினாரே, அதற்குப் பிறகாவது ஒரு வார்த்தை சொல்லி அழுவார் என்று பார்த்தேன். இல்லை.

நீ எனக்கு விட்டுப்போனது நிம்மதி கெட்ட கண். செழித்து நிற்கிற செடியைப் பார்த்தாலும் உள்ளே என்ன சீட்டு ஓடுகிறதோ என்று மனம் அரிக்கிறது. முந்தாநாள் பாத்தி ஓரத்தில் ஒன்று சற்றே குட்டையாகத் தெரிந்தது. "விடு லா, வளந்துடும்" என்றார் உன் அண்ணன். பிடுங்கி அடுப்பில் போட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். இந்த மௌனத்தை என்னால் இரண்டு நாள்கூடத் தாங்க முடியவில்லை. நீ எப்படியடி அத்தனை வருஷம் தாங்கினாய்?