கிணற்றுக் கல்லின் வயது

மார்ச் 3, திங்கள்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. பின்வாசலில் உட்கார்ந்து கல்பொடி அரித்தேன். எருமப்பட்டிப் பெரியப்பா தோட்டத்தில் கிணறு வெட்டியபோது வந்த கல். பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையில் பொடி அரிக்கும் தட்டு விரிசல் விட்டதால், அம்மா அரிசி அரிக்கும் சட்டி. உள்ளே வரி வரியாக இருப்பது. அரிசியில் கல் தங்குகிற மாதிரி இதிலும் கனமானது வரிகளில் தங்கும். அதற்குள்தான் சிர்கான் என்ற கனிமம், பொடியிலும் பொடி மணிகளாக. அதிலுள்ள யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் வயது தெரியும்.

என் ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தப் பக்கத்துக் கல்லெல்லாம் இருநூத்தம்பது கோடி வருஷம்னு ஏற்கெனவே தெரியும். அதைவிட மூத்தது ஒரு மணியாவது காட்டு. இல்லேன்னா ஆய்வேட்டுல இந்த அத்தியாயமே வேண்டாம்." வயது அளக்கும் லேசர் கருவி கிடைப்பது 20ஆம் தேதி மட்டும். விட்டால் அடுத்த வருஷம்.

அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். "அறநூறு அடி ஓட்டியிருக்கறேன், ஒரு கல்லும் எங்கிட்ட வயசு சொன்னதில்ல" என்கிறார்.

மார்ச் 4, செவ்வாய்
சேலம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். துறையில் நுண்ணோக்கியில் பார்த்தால் ஏதோ இடிக்கிறது. கூர் முனையோடு சில மணிகள், சரி. நடுவே உருண்டு தேய்ந்து மழமழவென்று பல. ஆற்றில் புரண்டவை. கிணற்றுக் கல்லுக்குள் ஆற்றுமணல் எப்படி?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"சட்டி எண்ணெப் பிசுக்கா இருந்துச்சு. நீ பரிச்சைக்கு எடுக்கறயேன்னு மணலப் போட்டு நல்லாத் தேச்சு வெச்சேன்" என்றாள் அம்மா. குளியலறை கட்டி மிஞ்சிய காவிரி மணல். வரிகளுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கழுவாமல் எடுத்தது நான்.

பொடி முழுக்கக் குப்பை. கத்திவிட்டேன். அம்மா பேசாமல் தோசை போட்டாள். மூன்று தின்றேன், கோபத்தோடு.

மார்ச் 5, புதன்
அப்பாவோடு எருமப்பட்டி. வெல்டிங் கடையில் சுத்தியல் இரவல். வழியில் கரும்புச்சாறு.

கல் குவியலைக் காணோம். "மாட்டுக்கொட்டாய்க்கு அடியில போட்டாச்சு கண்ணு" என்றாள் பெரியம்மா. அப்புறம் அவளே, "துணி தொவைக்கறதுக்கு ஒண்ணு எடுத்துப் போட்டிருக்கறேன், அது ஆகுமா?"

தண்ணீர்த் தொட்டி ஓரம். கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, அதே கல். கட்டிப்பிடிக்காத குறை. ஒரு மூலை போதும் என்றேன். அப்பா நாலு அடி.

"சோப்பு ஒட்டியிருக்குமே."

"உள்ளதான் வேணும் பெரிம்மா."

மார்ச் 6, வியாழன்
வேலைகள்:
- இடித்தல் (கை காப்புக் காய்ச்சிவிட்டது)
- சலித்தல்
- சட்டி கழுவல், பழைய பல்துலக்கியால், வரி வரியாக
- சட்டியில் வெறுந்தண்ணீர் சுற்றி வெள்ளைத் துணியில் வடித்தல்

துணியில் ஒரு மணல்கூட இல்லை. அம்மா கிட்ட வந்து எட்டிப் பார்த்தாள். "பேசலாமா இனி?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் இரண்டு பேரும் மாறி மாறி அரித்தோம். மிச்சம் நின்றது தேக்கரண்டியில் கால்கூட இல்லை. நாளை காந்தத்தால் இரும்புத் துகளைப் பிரிப்பது, பிறகு மணிகளைப் பிசினில் பதித்து மெருகு.

மார்ச் 20, வியாழன்
ஆய்வுக்கூடம். உள்ளே ஏ.சி. குளிர், சால்வை எடுத்து வராத முட்டாள் நான். முதல் மணி இருநூற்றைம்பது கோடி. அடுத்ததும் அதுவே. மேடம் கையைக் கட்டிக்கொண்டார். மதியம் வரை இதே கதை. அப்புறம் ஒரு மணி, நடுவில் கருத்த கரு, அதைச் சுற்றிப் பிற்பாடு வளர்ந்த ஓடு. கருவில் லேசர் பட்டதும் எண் ஏறிக்கொண்டே போய், முந்நூறு கோடிக்குப் பக்கத்தில் நின்றது. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி அதே கருவில் இன்னொரு புள்ளி. அதே வயது. "அத்தியாயத்தை எழுது" என்றார்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன்.

"முந்நூறு கோடி வருஷம்மா."

அம்மா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அத்தன காலமா தும்பமில்லாம கெடந்தத நாம ரண்டு பேரும் இடிச்சுப் பொடி பண்ணிட்டமே சாமி."

சிரித்தேன். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. மேடம் உள்ளே கூப்பிடுகிறார். இன்னும் பாதி மணிகள் பாக்கி.