குப்புற வைத்தால் நிற்கும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இதைக் கொண்டுவந்திருப்பவர் எங்கள் ஏலக்கூடத்து வேன் டிரைவர். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு இதைக் கடைசி வரி வரைக்கும் படி. நீ பாலம் கட்டும் இடத்தில் போன் எடுப்பதில்லை. எடுத்தாலும் பாதி கேட்டுவிட்டு "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய்.

அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டிவலி அப்படியேதான். நீ அனுப்பிய போர்வையைப் பீரோவில் பூட்டிவைத்துவிட்டுப் பழைய கிழிசலையே போர்த்திக்கொள்கிறாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

போன மாதம் ஒரு தரகர் எங்கள் கூடத்துக்குப் பழைய தங்க வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். விற்பவர் யார் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள், எந்தக் கூடத்துக்குக் கொண்டுபோவது என்பதும் தரகர் இஷ்டம், தொழில் வழக்கம். மெல்லிசான வாட்ச், சட்டைக் கைக்குள் இருப்பதே தெரியாது. முதலாளிக்கு ஏக குஷி. சேகரிப்பவர்கள் அப்போதே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஏலத்துக்கு வருவதைத் திறந்து பார்த்து, எந்த நிலையில் இருக்கிறது என்று குறிப்பு எழுதுவதுதானே என் வேலை, திறந்தேன். பின்மூடியின் உள்பக்கம் அப்பாவின் பெயர் பொறித்திருந்தது, அவருடைய கம்பெனியில் பரிசாகக் கொடுத்தபோது பொறித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெளியே நன்றாகத் துடைத்துப் புது வார் போட்டிருந்தார்கள். உள்ளே துடைக்கத் தெரியவில்லை போலும். டயலுக்கு அடியில் தண்ணீர் காய்ந்த கறை. சக்கரங்களுக்கு நடுவே மாவு மாதிரி ஆற்று வண்டல். வாட்ச் ஓடவே இல்லை.

அந்த மனநிலையில் நான் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். குறிப்பில் என் கை தன்பாட்டுக்கு, "குப்புற வைத்தால் நிற்கும், லேசாகத் தட்டினால் ஓடும்" என்று எழுதிவிட்டது. இந்த வாட்சைப் பற்றி அப்பா தினமும் சொல்வாரே, அது. முதலாளியும் கவனிக்கவில்லை. குறிப்பைத் தரகர் வழியாக விற்பவரின் ஒப்புதலுக்கு அனுப்புவது வழக்கம். போய்விட்டது.

அடுத்த நாள் சித்தப்பா போன் செய்தார். "ஓடாத வாட்ச் குப்புற வெச்சா நிக்கும்னு எழுதியிருக்கியே கண்ணு. படிச்சதுமே இது உன் வேலைதான்னு தெரிஞ்சுபோச்சு" என்று சிரித்தார். அப்பா யாரிடம் விற்றாரோ அவனைத் தேடிப் பிடித்து வாங்கினாராம், நமக்குக் கொடுக்கத்தானாம். அப்படியானால் ஏலத்துக்கு ஏன் வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. சாயங்காலமே தரகர் வந்து வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா காணாமல் போன அன்று கூடப் போனவர் சித்தப்பா. "வாட்சைப் போன வாரமே வித்துட்டான், அந்தக் காசோட எங்கயோ ஓடிட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவர்தான். நீ ஒருவன்தான், "இல்ல, காலையில நான்தான் அப்பா கையில கட்டிவிட்டேன்" என்று அழுதாய். ஏழு வயதுப் பிள்ளை சொல் அம்பலம் ஏறுமா? நம்மைப் படிக்கவைத்த மனிதரைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். "தம்பி கட்டுற பாலத்தை நான் இன்னும் பார்க்கவே இல்லையே அண்ணி. மேல ஏறி நின்னு ஆத்தைப் பார்க்கணும். அண்ணன் வாட்சை நானே அவன் கையில கட்டிவிடறேன்" என்றார். அம்மா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். அவள்தான் உன் விலாசத்தைக் கொடுத்தாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ரயிலில் கிளம்புகிறார்.

வாட்சின் உள்பக்கத்தைப் படம் எடுத்துவைத்திருக்கிறேன். நாளை முதலாளியைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

முடிந்தால் இந்த வேனிலேயே ஏறி வந்துவிடு. உன் இன்ஜினீயர் லீவு தராவிட்டால், நாலு பேர் இருக்கிற இடத்திலேயே இரு. ஆற்றுப் பக்கம் அவரோடு போகாதே, பாலத்தில் ஏறாதே. அந்தக் காலையைப் பற்றி அவர் கட்டாயம் கேட்பார். இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. இந்த ஒரு தடவை மாற்றிச் சொல்லடா. "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல சித்தப்பா, சின்னப் பையன்தானே" என்று சொல்லிவிடு. வாட்சை எடுத்தால் பேசாமல் கையை நீட்டு. அவர் வாரை மாட்டி முடிக்கிறவரைக்கும் கை நடுங்காமல் பார்த்துக்கொள்.

நீ அன்றைக்குச் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். நூறு வயசு நல்லபடியாக இருக்கணும் நீ.

உன் வருகைக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா